ஆறு அணைகள், ஒரே மழை: வளரும் நகரங்களுக்குப் பல நீர் ஆதாரங்கள் ஏன் வேண்டும்?

அணைகள் நிரம்பிக் கிடக்கும் ஆண்டில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றுக்கு நகர நிர்வாகம் பெருந்தொகை ஒதுக்குகிறது. "தண்ணீர்தான் இருக்கிறதே, இந்தச் செலவு எதற்கு?" என்று கேள்வி எழுகிறது. திட்டம் தள்ளிப்போகிறது. சில ஆண்டுகளில் மழை பொய்க்கிறது. "இதை ஏன் முன்பே கட்டவில்லை?" என்று அப்போது கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நகரத்தின் நீர் வழங்கல் எந்த அடிப்படையில் திட்டமிடப்படுகிறது என்பது தெரியாமல் இரண்டுக்குமே விடை சொல்ல முடியாது.

"நீர் ஆதாரங்களைப் பரவலாக்க வேண்டும்", அதாவது ஒரே வகை ஆதாரத்தை நம்பியிருக்கக் கூடாது என்று அறிக்கைகள் சொல்கின்றன. கேட்பதற்கு எளிமையான இந்த வாக்கியத்தைப் பல நகரங்கள் தவறாகவே புரிந்துகொண்டிருக்கின்றன.

முதலில் மூன்று சொற்கள்

நாளிதழ்களில் அடிக்கடி வரும் மூன்று அளவுகளைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

1. கொள்ளளவு: ஓர் அணை நிரம்பினால் எவ்வளவு கொள்ளும், ஓர் ஆலை முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தரும் என்பது. அடிக்கல் நாட்டும்போது அறிவிக்கப்படுவது இந்த எண்தான்.

2. வரத்து: ஓர் ஆண்டில் உண்மையில் எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது என்பது. இது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரிய அணை கட்டிவிட்டதால் வரத்து கூடிவிடாது.

3. உறுதியான அளவு: மோசமான வறட்சியிலும் தடையின்றி எடுக்கக்கூடிய நீர். நகரம் உயிர் பிழைப்பது இந்த எண்ணை வைத்துத்தான். மூன்றில் மிகச் சிறியதும், செய்திகளில் மிகக் குறைவாக இடம்பெறுவதும் இதுவே.

உறுதியான அளவைக் கணக்கிடப் பொறியாளர்கள் கடந்த காலத்தின் மழைப் பதிவுகளை எடுத்துக்கொள்கிறார்கள். கடந்த 50, 100 ஆண்டுகளில் வந்த மிகக் கொடிய வறட்சி மீண்டும் வந்தால் இந்த அணை தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கிறார்கள். வருங்கால மழை பழைய மழையைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது.

கேப் டவுனில் நடந்தது என்ன?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கும் ஆறு பெரிய அணைகள் நீர் கொடுத்துவந்தன. நகரத்தின் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இவற்றிலிருந்தே வந்தது. வரைபடத்தில் ஆறு நீலப் புள்ளிகளைப் பார்ப்பவருக்கு ஒன்று வற்றினாலும் ஐந்து இருக்கின்றன என்ற தெம்பு வரும். ஆனால் ஆறும் ஒரே வட்டாரத்து மலைகளில், ஒரே குளிர்கால மழையை நம்பி நின்றவை. மொத்தக் கொள்ளளவில் பாதிக்கும் மேல் தீவாட்டர்ஸ்க்ளூஃப் என்ற ஒற்றை அணையில் இருந்தது.

2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை குறைந்தது. ஆறு அணைகளும் சேர்ந்தே இறங்கின. அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்தைத் தொடும் நாளை 'பூஜ்ய நாள்' என்று நகர நிர்வாகம் அறிவித்தது. அன்று பெரும்பாலான வீட்டுக் குழாய்கள் அடைக்கப்படும். சுமார் 200 விநியோக இடங்களில் மக்கள் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பெற்றுக்கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது.

பூஜ்ய நாள் வரவேயில்லை. 2015 தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி லிட்டராக இருந்த நகரின் பயன்பாட்டை மக்கள் 50 கோடி லிட்டர் அளவுக்குக் குறைத்தார்கள். குழாய்களின் அழுத்தம் தணிக்கப்பட்டது. விவசாயிகள் சங்கம் ஒன்று தன் அணையிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரைத் திறந்துவிட்டது. 2018 நடுவில் மழை வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நெருக்கடியின்போது ஸ்ட்ராண்ட்ஃபோன்டைன், மொன்வாபிசி ஆகிய கடற்கரைகளில் அவசரமாகக் கடல்நீர் ஆலைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் நாளுக்கு 70 லட்சம் லிட்டர். ஒடுக்கிச் சுருக்கிய பிறகும் 50 கோடி லிட்டர் தேவைப்பட்ட நகரத்துக்கு இது எந்த மூலைக்கு? தாகம் எடுத்தபின் கிணறு தோண்டிய கதைதான். வறட்சியின் நடுவில் புதிய ஆதாரத்தைப் பெரிய அளவில் உருவாக்க எந்த நகரத்தாலும் முடியாது. திட்டம், அனுமதி, கட்டுமானம், குழாய் இணைப்பு என்று ஆண்டுகள் பிடிக்கும் வேலை அது.

ஒரு சிறு கணக்கு

இரண்டு கற்பனை நகரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தேவை 100 பங்கு நீர். இரண்டிடமும் 120 பங்கு இருக்கிறது.

முதல் நகரம்: ஒரே மலைத்தொடரில் மூன்று அணைகள். 50, 40, 30.

இரண்டாம் நகரம்: அணை 60, நிலத்தடி நீர் 20, மறுசுழற்சி நீர் (சுத்திகரித்த கழிவுநீர்) 20, கடல்நீர் ஆலை 20.

வறட்சியில் அணைகளின் வரத்து 40 சதவீதமாகச் சுருங்குகிறது. முதல் நகரத்தின் கையில் 48 பங்குதான் மிஞ்சும். பாதிக்கும் மேல் பற்றாக்குறை. இரண்டாம் நகரத்தின் அணையிலிருந்து 24 வரும். நிலத்தடி நீர் 20 அப்படியே இருக்கும். மக்கள் சிக்கனமாக இருப்பதால் கழிவுநீரும் குறையும். எனவே மறுசுழற்சி 16. கடல்நீர் 20. ஆக மொத்தம் 80. தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அந்த நகரம் வறட்சியைக் கடந்துவிடும்.

நல்ல ஆண்டில் இரண்டு நகரங்களும் ஒன்றுபோலவே தெரியும். சொல்லப்போனால் முதல் நகரத்தின் தண்ணீர்தான் மலிவு. அதன் பலவீனம் மழை பொய்க்கும்வரை வெளியே தெரியாது. ஆகவே ஆதாரங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி இது: இவை ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் பொய்த்துப்போகுமா?

எது எதனால் பொய்க்கும்?

ஒவ்வொரு நீர் ஆதாரத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதைவிட முக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிரி உண்டு.

1. ஆறும் அணையும்: எதிரி வறட்சி. வெள்ளமும் எதிரிதான், சேறு கலந்த நீரைச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்காது. மின்சாரம் போனாலும் புவியீர்ப்பில் நீர் இறங்கி வரும் என்பது இதன் பெரும் பலம்.

2. தொலைவிலிருந்து வரும் நீர்: எதிரி அரசியல். குழாயின் மறுமுனையில் இருப்பவருக்கும் தாகம் எடுக்கும். சிங்கப்பூர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து நீர் எடுக்கும் 1962 உடன்படிக்கை 2061இல் முடிகிறது. அந்த ஆண்டை மனத்தில் வைத்தே அந்நாடு தன் நீர்த் திட்டங்களைத் தீட்டிவருகிறது.

3. நிலத்தடி நீர்: எதிரி நாமே. வறட்சியைத் தாங்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாததால் எல்லை மீறி உறிஞ்சப்படும்.

4. கடல்நீர் ஆலை: மழையைப் பற்றிக் கவலையில்லை. எதிரி மின்தடையும் கடலின் நிலையும். 2008, 2009இல் வளைகுடாப் பகுதியில் பரவிய செந்நிறப் பாசிப் பெருக்கால் அங்குள்ள சில ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன.

5. மறுசுழற்சி நீர்: எதிரி மக்களின் தயக்கம். அடுத்த எதிரி, கழிவுநீரில் கலக்கும் தொழிற்சாலை இரசாயனங்கள்.

எதிரிகள் வேறு வேறாக இருப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஒன்று விழும்போது மற்றொன்று நிற்கும்.

கடல்நீர்: உப்பைப் பிரிக்க ஆகும் உழைப்பு

ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. நல்ல நீரையும் உப்புநீரையும் நடுவே, நீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஒரு சவ்வு வைத்துப் பிரித்தால், நல்ல நீர் உப்புநீரின் பக்கம் ஊடுருவும். இயற்கையின் போக்கு அது. அதை மறித்து, உப்புநீரிலிருந்து நல்ல நீரை இந்தப் பக்கம் தள்ளுவதுதான் 'எதிர்ச் சவ்வூடு பரவல்'. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவிகளில் 'ஆர்.ஓ.' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

கடல்நீருக்கு இந்த வேலையைச் செய்ய 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தேவை. 60 பார் என்பது 600 மீட்டர் ஆழத்தில் கடல் தரும் அழுத்தத்துக்குச் சமம். ஆலைக்குள் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சாண் விட்டமும் கொண்ட உருளைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் சவ்வுத் தாள்கள் பாய் சுருட்டியதுபோல் சுருண்டிருக்கும். ஒரு முனையில் கடல்நீர் நுழைகிறது. நடுக்குழாயில் நல்ல நீர் கசிந்து சேர்கிறது. மறுமுனையில் உப்பு அடர்ந்த நீர் வெளியேறுகிறது.

100 லிட்டர் கடல்நீரை எடுத்தால் 40 முதல் 50 லிட்டர் குடிநீர் கிடைக்கும். மீதியில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். அதைக் கடலில் நன்றாகக் கலந்து சிதறும்படி விடாவிட்டால், அடியில் தங்கி அங்குள்ள உயிரினங்களைப் பாதிக்கும். செலவாகும் மின்சாரம் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். எவ்வளவு திறமையான கருவி வந்தாலும் ஏறத்தாழ ஒரு யூனிட்டுக்குக் கீழே இறங்க முடியாது என்பது இயற்பியல் போட்ட எல்லை. எனவே கடல்நீர் என்றைக்கும் மலிவாகப் போவதில்லை. அதன் மதிப்பு மழையைச் சாராமல் வருவதில் இருக்கிறது.

கழிவுநீர்: நகரத்தோடு சேர்ந்து வளரும் ஒரே ஆதாரம்

நகரம் இரட்டிப்பானால் ஆறு இரட்டிப்பாகாது. மழையும் கூடாது. கழிவுநீர் மட்டும் கூடும். வீடுகளுக்குள் செல்லும் நீரின் பெரும்பகுதி சாக்கடைக் குழாய்க்குத்தான் வருகிறது; அதுவும் நகரத்தின் வாசலிலேயே, நாள் தவறாமல் வருகிறது. அதைத் துர்நாற்றத்துடன் ஆற்றிலும் கடலிலும் விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டர் தள்ளிப் புதிய ஆற்றைத் தேடுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை என்பது என் கருத்து.

மறுசுழற்சிக்கு இன்னொரு ஆதாயம் உண்டு. கழிவுநீரில் கரைந்துள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதில் மிகச் சிறிய பங்கு. அதே சவ்வைப் பயன்படுத்தினாலும் அழுத்தம் மிகக் குறைவாகப் போதும். மின்சாரமும் அதற்கேற்பக் குறையும்.

இது புதுமையும் இல்லை. நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்த்துவருகிறது. வற்றாத ஆறுகள் அந்நாட்டின் எல்லைகளில் மட்டுமே ஓடுகின்றன. நடுநாட்டில் இருக்கும் தலைநகருக்கு வேறு வழியில்லை. 2002இல் திறக்கப்பட்ட புதிய கொரியங்காப் நிலையம் நாளுக்கு 2.1 கோடி லிட்டர் தருகிறது. ஓசோன், கரித்தூள் வடிகட்டி, நுண்சவ்வு என்று அடுத்தடுத்த தடுப்புகள் அங்கே உண்டு. ஒன்று தவறினாலும் அடுத்தது பிடித்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முடிவை அந்த நகரம் எடுத்திருக்கிறது. தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்கவிடுவதில்லை. மறுசுழற்சி பற்றிப் பேசும் எந்த நகரமும் முதலில் தொட வேண்டிய இடம் இதுதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுன்டி மாவட்டம் சற்றுச் சுற்றிச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2008இல் தொடங்கிய அதன் திட்டம் 2023 விரிவாக்கத்துக்குப் பிறகு நாளுக்கு ஏறத்தாழ 49 கோடி லிட்டர் கழிவுநீரை நுண்வடிகட்டி, சவ்வு, புற ஊதாக் கதிர் என்ற மூன்று கட்டங்களில் சுத்தமாக்கும் திறன் கொண்டது. வெளிவரும் நீரில் தாதுக்கள் ஏறத்தாழ இல்லாததால், குழாய்களை அரித்துவிடாதபடி அதில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அவ்வளவு தூய்மையான நீரைக் குழாயில் விடாமல் நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். கொஞ்சம் கடலோரக் கிணறுகள் வழியாக இறங்கி, உள்ளே வரும் கடல்நீரை மறிக்கிறது. மீதி மணற்படுகைகளில் ஊறி, பின்னாளில் கிணறுகளில் குடிநீராக மேலே வருகிறது.

மக்களின் தயக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகரில் 2006இல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 62 சதவீதத்தினர் மறுசுழற்சிக் குடிநீரை நிராகரித்தார்கள். அப்போது அங்கே கடும் வறட்சி நிலவியது. சிங்கப்பூரோ 2003இல் 'நியூவாட்டர்' நீரை அறிமுகம் செய்யும் முன்பே அதை மக்கள் கையில் பாட்டிலாகக் கொடுத்தது. நிலையத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டது. பெரும்பகுதியை மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அளித்து, சிறு பங்கை மட்டும் நீர்த்தேக்கங்களில் கலந்தது. நம்பிக்கையைக் கட்டி எழுப்ப ஆலையைக் கட்டுவதைவிட அதிக காலம் பிடிக்கும். வறட்சிப் பதற்றத்தில் அதைச் செய்ய முடியாது.

நிலத்தடி: வங்கியா, சுரங்கமா?

போட்டதை எடுத்தால் அது வங்கி. எடுத்துக்கொண்டே போனால் அது சுரங்கம். பெரும்பாலான நகரங்கள் நிலத்தடி நீரைச் சுரங்கமாகவே நடத்துகின்றன.

குழாயில் நீர் குறையும்போது வசதியுள்ள ஒவ்வொரு வீடும் ஆழ்துளைக் கிணறு இறக்குகிறது. அந்த வீட்டுக்கு அது கூடுதல் ஆதாரம். ஊருக்கோ அது ஒரே பாத்திரத்தில் இன்னொரு உறிஞ்சுகுழல். நெருக்கடிக் காலத்துக்கென்று இருக்க வேண்டிய சேமிப்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. கிணறு இறக்க வசதியில்லாதவர்கள் குழாய் நீர், நிலத்தடி நீர் இரண்டையும் இழக்கிறார்கள்.

எல்லை மீறினால் இரண்டு விதமான கேடுகள் வரும். கடலோரத்தில் நல்ல நீர், அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலே வரக்கூடும் என்பது பழைய, எளிய கணக்கு. களிமண் படுகைகளில் நிலமே அமிழும். மெக்சிகோ நகரத்தின் சில பகுதிகள் ஆண்டுக்கு 40 செ.மீ.க்கும் மேல் இறங்கியிருக்கின்றன. நீரை இழந்து நசுங்கிய களிமண் பழையபடி விரியாது. நிலம் இறங்க இறங்கக் குழாய்கள் முறிகின்றன. குழாய் நீர் ஒழுகிப்போகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மேலும் உறிஞ்ச வேண்டியதாகிறது.

நல்ல மழை ஆண்டில் நிலத்துக்குள் நீரைச் செலுத்தி, வறண்ட ஆண்டில் மட்டும் எடுப்பதுதான் வங்கி முறை. அணையில் தேங்கிய நீரை வெயில் குடிக்கும். நிலத்துக்குள் அந்த இழப்பு இல்லை. ஆனால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கணக்கு இல்லாத இடத்தில் இந்த முறை நிற்காது. ஒருவர் போடுவதை இன்னொருவர் இரவோடு இரவாக எடுத்துவிடலாம் என்றால் யார்தான் போடுவார்கள்?

இரவு இரண்டு மணிக்குக் கேட்கும் ஓசை

மிக மலிவான புதிய ஆதாரம் தெருவுக்கு அடியிலேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது. சுத்திகரித்து அனுப்பிய பிறகும் கட்டணக் கணக்குக்குள் வராமல் போகும் நீரைக் 'கணக்கில் வராத நீர்' என்பார்கள். கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் மூன்றும் இதில் அடங்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஏற்ற நேரம் பின்னிரவு. ஊர் உறங்கும்போது குழாய்களில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். அப்போதும் ஒரு பகுதியின் மீட்டர் வேகமாகச் சுற்றினால், அது பெரும்பாலும் கசிவு. பணியாளர் ஒருவர் நீண்ட உலோகக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் வால்வில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்கிறார். மண்ணுக்கு அடியில் பீறிடும் நீரின் மெல்லிய சீறல் கம்பி வழியே ஏறி வருகிறது. தோக்கியோ நகரம் இந்தப் பொறுமையான வேலையாலும் பழைய குழாய்களை மாற்றியும், 1950களில் சுமார் 20 சதவீதமாக இருந்த கசிவை 3 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தது. வசதியான நாடுகளுக்கே இது சாத்தியம் என்று சொல்வோர் கம்போடியாவின் புனோம் பென் நகரத்தைப் பார்க்கலாம். போரில் சிதைந்த அந்த நகரில் 1993இல் 72 சதவீத நீர் கணக்கில் வராமல் போனது. எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தி, ஏழைகளுக்குச் சலுகையில் இணைப்பு கொடுத்து, கட்டணத்தை ஒழுங்காக வசூலித்து, சுமார் 15 ஆண்டுகளில் அதை 6 சதவீத அளவுக்குக் குறைத்தார்கள்.

கசிவை அடைப்பதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. பல நகரங்களில் இந்த வேலை பின்தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கேப் டவுனின் மலைகளில் பரவிய அயல்நாட்டு மரங்களை வெட்டுவதும் இதே வகைதான். பைன், வாட்டில், யூகலிப்டஸ் ஆகியவை அந்நகரின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 கோடி லிட்டரைக் குடித்துவிடுவதாக 2018இல் வெளியான மதிப்பீடு சொன்னது. புதிய அணை இல்லாமல், கோடரியால் கிடைக்கும் நீர் அது.

குழாய்கள் கைகோக்காவிட்டால்

நான்கு ஆதாரங்கள் இருந்தும் நகரம் தவிக்க வாய்ப்புண்டு. வடக்குப் பகுதிக்கு அணை, தெற்குப் பகுதிக்குக் கடல்நீர் ஆலை என்று தனித்தனியாக இருந்தால், அணை வற்றும்போது வடக்கு வாடும். தெற்குக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு பகுதியும் ஒற்றை ஆதாரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 2014இல் கன்டரெய்ரா நீர்த்தேக்கத் தொகுதி வற்றியது. அதை நம்பி 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வழக்கமான எடுப்புக் குழாய்களுக்கும் கீழே அடியில் கிடக்கும் நீரை மிதவைப் பம்புகளால் இறைத்தார்கள். கூடவே வேறு நீர்த்தேக்கங்களின் நீரைக் கன்டரெய்ரா பகுதிகளுக்குத் திருப்பிவிட்டு, அதை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்தார்கள். இணைப்புக் குழாய் இருந்த இடங்களில்தான் இது நடந்தது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் வட்டாரம் 2000களின் வறட்சியில் பாடம் கற்று, தன் அணைகளையும் கடல்நீர் ஆலையையும் இருபக்கமும் நீர் ஓடக்கூடிய குழாய்களால் இணைத்தது. அந்த இணைப்பு 2013 ஜனவரியில் வறட்சிக்கு நேர்மாறான ஓர் ஆபத்தில் கைகொடுத்தது. பெருவெள்ளம் ஆற்றைச் சேறாக்கி, முக்கியச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தியது. கோல்டு கோஸ்டில் இருந்த கடல்நீர் ஆலை முழு வேகத்தில் ஓடி நகரத்துக்கு நீர் அனுப்பியது. வெள்ளத்தின் நடுவே குடிநீரைக் கடல் கொடுத்தது.

வளரும் நகரங்களுக்கு இங்கே ஒரு காலக்கெடு இருக்கிறது. புதிய குடியிருப்புக்குத் தெரு போடும்போது மறுசுழற்சி நீருக்கென்று இரண்டாவது குழாயைப் புதைப்பது எளிது. வீடுகள் எழுந்தபின் அதே வேலைக்குத் தெருவைத் தோண்ட வேண்டும், சுவரை உடைக்க வேண்டும். அப்போது பெரும்பாலும் அது நடப்பதேயில்லை.

சும்மா நிற்கும் ஆலை வீண்தானா?

சிட்னியின் கடல்நீர் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. நாளுக்கு 25 கோடி லிட்டர். மழை வந்து அணைகள் நிரம்பின, 2012இல் நிறுத்தினார்கள். மெல்போர்னுக்காக வொன்தாகியில் கட்டிய ஆலை 2012 டிசம்பரில் முடிந்தது. 2017 வரை ஒரு சொட்டு நீரும் அங்கிருந்து கேட்டு வாங்கப்படவில்லை. கட்டுமானக் கடனுக்கான தவணை மட்டும் ஓடியது. மக்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் 2019இல் சிட்னியின் அணைகள் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபோது, ஆலை மீண்டும் இயக்கப்பட்டது. தீயணைப்பு வண்டி நின்ற நாட்களை எண்ணி அதன் பயனை அளக்க மாட்டோம்.

இந்த வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வேண்டும்போது வண்டி கிளம்ப வேண்டும். லண்டனின் பெக்டனில் 2010இல் திறந்த ஆலை நாளுக்கு 15 கோடி லிட்டர் திறனுடன் வறட்சிக்கென்றே கட்டப்பட்டது. 2022 கோடையில் கடும் வறட்சி வந்தபோது அது இயங்கும் நிலையில் இல்லை. காப்பு ஆலையைச் சிறிய அளவிலாவது தொடர்ந்து ஓட்டி, ஆட்களையும் சவ்வுகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத திட்டம் முழுமையான திட்டமாகாது.

எவ்வளவு காப்பு வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மலிவான ஆதாரத்தை முழுமையாகப் பயன்படுத்துவது, இடைப்பட்டதை நிதானமாக ஓட்டுவது, விலை கூடியதை அணை இருப்பு ஓர் எல்லைக்கோட்டைத் தொட்டவுடன் இயக்குவது என்ற வரிசை பொதுவானது. அந்த எல்லைக்கோட்டை நல்ல காலத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும். "அடுத்த வாரம் மழை வரும்" என்ற நம்பிக்கையில் முடிவைத் தள்ளிப்போட இடம் தரக் கூடாது.

பெர்த்: மழை திரும்பி வராத ஊர்

காப்பு ஆலை என்ற பேச்சுக்கே இடமில்லாத நகரமும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து அணைகளுக்கு 1975க்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 30,000 கோடி லிட்டருக்கும் மேல் நீர் வந்தது. பிறகு அது ஏறக்குறைய பாதியானது. 2000க்குப் பின் அதிலும் பாதியாகச் சரிந்தது. மழை குறைந்தது கொஞ்சம்தான். ஆனால் உலர்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு, மிச்சத்தையே ஓடைக்கு விடுகிறது. அதனால் மழையில் ஏற்படும் சிறு குறைவு, வரத்தில் பெரும் சரிவாகிறது.

பெர்த் காத்திருக்கவில்லை. 2006இல் க்வினானாவில் ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலை. அது செலவழிக்கும் மின்சாரத்துக்கு ஈடாக ஒரு காற்றாலைப் பண்ணை. அடுத்த சில ஆண்டுகளில் பின்னிங்கப்பில் 10,000 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலை. மூன்று ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 2017 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடியில் செலுத்தும் திட்டம். இன்று அந்நகரத்தின் நீரில் ஏறத்தாழ பாதி கடலிலிருந்து வருகிறது.

பழைய அணைகளை அவர்கள் கைவிடவில்லை. தேவை குறைந்த குளிர்கால மாதங்களிலும் ஆலைகள் ஓடுகின்றன. மிஞ்சும் நீரை மலைமேல் ஏற்றி, ஒரு காலத்தில் மழை நிரப்பிய அதே அணைகளில் கோடைக்காகத் தேக்கி வைக்கிறார்கள்.